பிரிட்டனில் சட்டம் படிக்க நான்கு வழிகள்: உங்களுக்கு எது சரிவரும்?

கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர் நெருங்கினால் போதும், இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்து சேரும். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைக்கு பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் நல்ல மார்க் வரும்போல் இருக்கிறது, நேராகச் சட்டத்தில் சேர்ப்பதா, வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு அப்புறம் சட்டத்துக்கு வரட்டுமா என்று ஒரு வீட்டில் கேட்பார்கள். தமிழ்நாட்டில் சட்டம் முடித்தவர் ஒரு வருட முதுநிலைப் படிப்பான எல்எல்எம் படித்தால் லண்டனில் வக்கீலாகிவிடலாமா என்பார். வேறு துறையில் பட்டம் வாங்கி இரண்டு மூன்று வருடம் வேலையும் பார்த்தவர் இப்போது சட்டத்துக்கு மாறலாமா என்பார்.

எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கிங்ஸ் நல்லதா, டர்ஹம் நல்லதா, ரேங்க் எத்தனை என்று. நான் சொல்வது ஒன்றுதான்: கடைசியில் எந்த நாட்டில், என்ன வேலையாக உட்காரப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பிரிட்டனில் சட்டப் பட்டம் வேறு, வக்கீல் தொழிலுக்கான உரிமம் வேறு. நடுவில் இருக்கும் தூரத்துக்கும் பணம் வேண்டும், வருடங்கள் வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விசாவும் வேண்டும்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

எந்த நாடு. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஒரே சட்ட எல்லை. ஸ்காட்லாந்து தனி, வட அயர்லாந்து தனி. எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ ஸ்காட்டிஷ் சட்டத்தில் நான்கு வருட ஆனர்ஸ் படித்துவிட்டு, அதே ஓட்டத்தில் லண்டனில் தொழில் செய்துவிடலாம் என்று நினைத்துச் சேர்ந்தால் பின்னால் சிக்கல். ஸ்காட்லாந்தில் தங்கப்போகிறவர்களுக்கு அது அருமையான படிப்பு. மற்றவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேருங்கள். இந்தியாவுக்குத் திரும்புவதாக இருந்தால் கணக்கே வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

சொலிசிட்டரா, பாரிஸ்டரா. சொலிசிட்டர் கட்சிக்காரரை நேரில் பார்த்து, ஆவணம் தயாரித்து, பேரம் பேசி, வழக்கை நடத்துபவர். பாரிஸ்டர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர். சொலிசிட்டராக 2021 செப்டம்பரிலிருந்து எஸ்க்யூஈ என்ற பொதுத்தேர்வு வந்துவிட்டது. எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் எழுதலாம். முதல் கட்டத்தில் தலா 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள், இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரை விசாரிப்பது, வாதாடுவது, ஆவணம் எழுதுவது என்று 16 செய்முறைப் பணிகள். கூடவே இரண்டு வருட வேலை அனுபவம். பாரிஸ்டருக்கோ சட்டப் பட்டமோ, அதற்கு ஈடான மாற்றுப் படிப்போ கட்டாயம் வேண்டும். பிறகு லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு இன்களில் (பாரிஸ்டர்களின் சங்கங்கள்) ஒன்றில் சேர்ந்து, பார் கோர்ஸ் என்ற தொழிற்படிப்பை முடித்து, ஒரு வருடம் பியூப்பிலேஜ் என்ற நேரடித் தொழிற்பயிற்சி. பார் கோர்ஸுக்கு இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை, பியூப்பிலேஜ் கிடைப்பதுதான் பெரும்பாடு.

உள்ளூர்க் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு 2025-26-இல் வருடக் கட்டணம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் 18,000-இல் தொடங்கி, பெரிய பெயர்களில் 35,000-ஐயும் தாண்டுகிறது. நம் குடும்பங்களில் பலர் அடிபடும் இடம் இது. அப்பா மருத்துவமனையிலோ ஐடியிலோ ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறார், பிள்ளை ஆறு வருடமாக இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள், ஆகவே உள்ளூர்க் கட்டணம்தான் என்று நம்பிவிடுகிறார்கள். மூன்று வருடம் இங்கே வசித்திருப்பது மட்டும் போதாது. பொதுவாக, படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும். அது அந்த வருடக் கடைசியில்தான் வரும் என்றால், சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிப்போடுவதால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பவுண்டு மிச்சமாகும். வருடம் வீணாகிறதே என்று பாட்டி வருத்தப்படுவார், பரவாயில்லை.

விசாவில் மிஞ்சும் காலம். படிப்பு முடிந்து வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்.டி. தவிர மற்றப் படிப்புகளுக்கு, 18 மாதம்தான்.

அன்றாட வாழ்க்கை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று வருடம் தினமும் எதைப் படிப்பீர்கள், எங்கே தங்குவீர்கள், யாருடன் பழகுவீர்கள் என்பதும் மார்க்கைத் தீர்மானிக்கிறது.

| | மூன்று வருட எல்எல்பி | வேறு பட்டம் + மாற்றுப் படிப்பு | இரண்டு வருட எல்எல்பி | ஒரு வருட எல்எல்எம் |
|---|---|---|---|---|
| யார் சேரலாம் | ஏ லெவல், பிளஸ் டூ முடித்தவர் | எந்தப் பட்டதாரியும் | எந்தப் பட்டதாரியும் | பெரும்பாலும் சட்டப் பட்டதாரி |
| மொத்தக் காலம் (வருடம்) | 3 | 3 + 1 | பட்டத்துக்குப் பின் 2 | 1 |
| பாரிஸ்டர் வழி திறக்குமா | ஆம் | ஆம் | ஆம் | இதனால் மட்டும் இல்லை |
| உள்ளூர் மாணவருக்குக் கடன் | உண்டு | பட்டத்துக்கு உண்டு, மாற்றுப் படிப்புக்குச் சுற்றுவழி | பொதுவாக இல்லை | முதுநிலைக் கடன் |
| மறைந்திருக்கும் செலவு | பட்டத்துக்குப் பிந்தைய தேர்வுகள் | கூடுதல் ஒரு வருடம் | முழுத்தொகையும் கைப்பணம் | வேலை தேட நேரமே இல்லாமை |

## மூன்று வருட எல்எல்பி

பதினெட்டு வயதில் சட்டம்தான் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு இதுதான் நேர்வழி. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இதே படிப்பு பி.ஏ. என்ற பெயரில் வரும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், தொழிலுக்கு அது முழுமையான சட்டப் பட்டம்தான்.

சேர்க்கை யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான், அதற்கு அக்டோபர் 15-க்குள், மற்றவற்றுக்கு ஜனவரி. ஏ லெவலில் சட்டம் எடுத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வரலாறு, ஆங்கில இலக்கியம் மாதிரி நீளமாக எழுத வைக்கும் பாடம் ஒன்றாவது இருந்தால் நல்லது. பிளஸ் டூ மார்க்கை வைத்து வருபவர்கள், மாநில வாரியத்துக்கும் சிபிஎஸ்இக்கும் ஒரே கட்-ஆஃபா என்று பாருங்கள், சில பல்கலைக்கழகங்கள் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யூசிஎல், கிங்ஸ், எல்எஸ்ஈ, டர்ஹம், பிரிஸ்டல் போன்ற இடங்களுக்கு எல்நாட் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. 95 நிமிடத்தில் 42 கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியைப் படித்து, எழுதியவர் உண்மையில் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். டியூஷனுக்குக் கொட்டும் பணத்தில் நல்ல நாளிதழ்களின் தலையங்கங்களை ஒரு வருடம் படித்து வாதாடிப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

உள்ளே போனால் என்ன படிப்பார்கள்? ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்பது), குற்றவியல், அரசியலமைப்பு, நிலச் சட்டம், நியாய முறையும் அறக்கட்டளைகளும், ஐரோப்பியச் சட்டம் ஆகிய ஏழும்தான் பழைய அடித்தளம். சட்டம் என்றால் செக்‌ஷன்களை மனப்பாடம் செய்வது என்ற எண்ணம் முதல் மாதமே போய்விடும். செமினாரில் தருகிற கேள்வி இப்படி இருக்கும்:

திங்கட்கிழமை காலை ஒருவர், என் காரை 4,000 பவுண்டுக்குத் தருகிறேன் என்று இன்னொருவருக்குக் கடிதம் போடுகிறார். மாலையே மனம் மாறி, விற்கவில்லை என்று இரண்டாவது கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிடுகிறார். முதல் கடிதம் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்ததும், வாங்குபவர் 'சரி, எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதி உடனே தபாலில் போடுகிறார். இரண்டாவது கடிதம் அவர் கைக்கு வருவது புதன்கிழமை. ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

உண்டு. சம்மதக் கடிதம் தபாலில் சேர்ந்த கணமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 1818-இல் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கிலிருந்தே சொல்லிவருகிறார்கள். விலகிக்கொள்ளும் கடிதமோ எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செல்லும், அது 1880-இல் பர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கு. இதோடு விட்டுவிடுவார்களா என்றால் மாட்டார்கள். சம்மதக் கடிதம் வழியிலேயே தொலைந்துபோயிருந்தால்? 'எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்' என்று முதல் கடிதத்திலேயே நிபந்தனை இருந்திருந்தால்? கடிதத்துக்குப் பதில் மின்னஞ்சலாக இருந்தால்? விற்றவருக்கு இது அநியாயம் இல்லையா, சட்டம் ஏன் வாங்குபவர் பக்கம் சாய வேண்டும்? ஒரு மணி நேரம் இப்படியே போகும். இதைப் படிக்கும்போதே அடுத்தது என்ன என்று உங்கள் பிள்ளைக்குத் தோன்றினால் தைரியமாகச் சேருங்கள். தலை சுற்றினால், இரண்டாவது வழியைக் கவனமாகப் படியுங்கள்.

வகுப்பு நேரம் குறைவுதான், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு செமினாருக்கும் முன்னால் பாடநூலில் ஒரு அத்தியாயம், நாலைந்து தீர்ப்புகள், ஒரு ஆய்வுக் கட்டுரை என்று பட்டியல் வரும். படிக்காமல் போனால் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் அறையில் ஒளிய இடம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் இன்னும் நெருக்கம்: ஒரு ஆசிரியருக்கு எதிரே இரண்டு மூன்று மாணவர்கள், நீங்கள் எழுதிய கட்டுரையை வரிவரியாகப் பிரிப்பார்கள், எட்டு வாரம்தான் டேர்ம் என்பதால் மூச்சுவிட நேரமிருக்காது.

இங்கே 70-க்கு மேல் ஃபர்ஸ்ட், 60-இலிருந்து 69 வரை அடுத்த தரமான டூ-ஒன். பள்ளியில் 95 வாங்கிய பிள்ளைக்கு முதல் கட்டுரையில் 58 வந்ததும் வீட்டில் பதறுவார்கள். பதற வேண்டாம், 72 என்பதே பெரிய மார்க். ஆனால் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதல் வருட மார்க் பட்டத்தின் தரத்தில் சேராது, அதனால் சீனியர்கள் 'ஃபர்ஸ்ட் இயரை ஜாலியாக இரு' என்பார்கள். இரண்டாம் வருடம் பெரிய சட்ட நிறுவனங்களின் விடுமுறைக் காலப் பயிற்சியான வெக்கேஷன் ஸ்கீமுக்கு விண்ணப்பிக்கும்போது அவர்கள் கேட்பது அந்த முதல் வருட மார்க்கைத்தான், பாடவாரியாக. அப்போது கையில் வேறு மார்க் எதுவும் இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள்: எஸ்க்யூஈ இரண்டு கட்டத்துக்கும் தேர்வுக் கட்டணம் மட்டும் ஏறத்தாழ 5,000 பவுண்டு, பயிற்சி வகுப்புக்குத் தனி. பாரிஸ்டர் வழியில் பார் கோர்ஸ் அதைவிடப் பல மடங்கு. நான்கு இன்களும் உதவித்தொகை தருகின்றன, கோர்ஸ் சேருவதற்கு முந்தைய வருடமே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம், விசா எடுக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும், மூன்று வருடப் படிப்புக்கு 2,500-க்கு மேல் போகும். 'சட்டமும் வணிகமும்', 'சட்டமும் குற்றவியலும்' மாதிரி கூட்டுப் பட்டங்களில் அடித்தளப் பாடங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்றிரண்டு விடுபட்டால் பாரிஸ்டர் வழி அடைபடும்.

இந்தியாவுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு: பிளஸ் டூவுக்குப் பின் அங்கே ஐந்து வருடம் படிக்க வேண்டிய இடத்தில் இங்கே மூன்றே வருடத்தில் பட்டம் வந்துவிடுகிறது. அதனால் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அங்கீகரித்த பல்கலைக்கழகமாக இருந்தாலும், பிரிட்ஜ் கோர்ஸும் தகுதித் தேர்வும் காத்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடுவதே கனவென்றால், அங்கேயே ஐந்து வருடம் படியுங்கள். அந்த ஐந்து வருடத்தில் சீனியர்களிடம் ஏற்படும் பழக்கத்தை இங்கிருந்து கொண்டுபோக முடியாது.

## வேறு பட்டம், பிறகு ஒரு வருட மாற்றுப் படிப்பு

இந்த மாற்றுப் படிப்புக்குப் பிஜிடிஎல் என்று பெயர், முன்பு ஜிடிஎல் என்பார்கள். மூன்று வருடத்தில் நிதானமாகப் படிப்பதை ஒன்பது பத்து மாதத்தில் அமுக்கித் தருவார்கள்.

சட்டப் பட்டம் இல்லாதவர் இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது, அது தவறு. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் தலைவராக 2012 முதல் 2017 வரை இருந்த நியூபெர்கர் பிரபு ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது வேதியியல். அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சம்ப்ஷன் பிரபு படித்தது வரலாறு. லண்டனின் பெரிய நிறுவனங்கள் இன்றும் சட்டம் படிக்காத பட்டதாரிகளைத் தாராளமாக எடுக்கின்றன. ட்ரெய்னிங் காண்ட்ராக்ட் என்ற பயிற்சி வேலை கொடுத்துவிட்டால் மாற்றுப் படிப்புக்கும் எஸ்க்யூஈக்கும் அவர்களே பணம் கட்டி, பலர் செலவுக்கும் கொடுக்கிறார்கள். சொலிசிட்டர் ஆக பிஜிடிஎல் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், அடித்தளம் இல்லாமல் எஸ்க்யூஈ எழுதுவது ஆபத்து, பெரிய நிறுவனங்களும் அதை எதிர்பார்க்கின்றன.

காப்புரிமை வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளை வேதியியலோ பொறியியலோ படித்துவிட்டு வருவது சட்டம் மட்டும் படித்து வருவதைவிடப் பலம். சட்டம் பிடிக்குமா என்று தெரியாத பிள்ளைக்கும் இந்த வழி மூன்று வருட அவகாசம் தருகிறது.

செலவுப் பக்கம் பார்த்தால், தனி பிஜிடிஎல்லுக்கு அரசுக் கடன் கிடையாது. எல்எல்எம் பட்டத்தோடு சேர்த்துக் கட்டிய வடிவத்தில் எடுத்தால் முதுநிலைக் கடன் வாங்கலாம், 2025-26-இல் அதன் உச்சம் 12,858 பவுண்டு, கட்டணத்தோடு தீர்ந்துவிடும். வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். நிறுவனம் கிடைக்காமல் சொந்தப் பணத்தில் மாற்றுப் படிப்பில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாணவ வாழ்க்கை என்ற ஒன்றும் இதில் பெரிதாக இல்லை, ஏற்கெனவே பட்டத்தில் அனுபவித்துவிட்டீர்கள். இது காலை முதல் இரவு வரை நூலகம்.

வெளிநாட்டு மாணவருக்கு இது விலை அதிகமான வழி. நான்காவது வருடத்துக்கும் கட்டணம், சர்சார்ஜ், வாடகை எல்லாம் திரும்ப வரும்.

## பட்டதாரிகளுக்கான இரண்டு வருட எல்எல்பி

சீனியர் ஸ்டேட்டஸ், கிராஜுவேட் என்ட்ரி என்று வெவ்வேறு பெயர்களில் இருக்கும். குயின் மேரி, சிட்டி, எடின்பரோ போன்றவை நடத்துகின்றன; எடின்பரோவில் கற்பிப்பது ஸ்காட்டிஷ் சட்டம் என்பதை மறக்க வேண்டாம். மாற்றுப் படிப்பைப்போல் ஓடவேண்டாம், முழுச் சட்டப் பட்டமும் கையில் இருக்கும், மூட் என்ற மாதிரி வழக்காடும் போட்டிகளுக்கும் சட்ட உதவி மையத்துக்கும் நேரம் கிடைக்கும். பாரிஸ்டர் ஆக ஆசைப்படும் முப்பது வயதுக்காரர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இது.

பணம்தான் தடை. இங்கிலாந்தில் ஒரு பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக மாணவர் கடன் கிடைக்காது. இந்தியாவில் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், இரண்டு வருடப் பட்டத்தைப் பற்றிப் பார் கவுன்சிலிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.

## ஒரு வருட எல்எல்எம்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் மிகப் பலர் எடுப்பது இதைத்தான், மிகப் பலர் ஏமாறுவதும் இதில்தான். எல்எல்எம் ஒரு சிறப்புப் படிப்பு. இங்கே சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ ஆக்கும் வேலையை அது செய்யாது. பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் உங்களுக்குத் தொழில் உரிமம் எதுவும் வந்திருக்காது.

இந்தியாவில் ஏற்கெனவே பதிவு பெற்ற வக்கீல் இங்கே சொலிசிட்டர் ஆக எல்எல்எம் தேவையே இல்லை. எஸ்க்யூஈ எழுதலாம், இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனையும் அவருக்கு இல்லை, தொழில் அனுபவத்தைக் காட்டி இரண்டாம் கட்டத்திலிருந்து விலக்குக் கேட்டும் விண்ணப்பிக்கலாம். முதல் கட்டத்தை வெளிநாட்டுத் தேர்வு மையங்களிலேயே எழுதலாம், இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் நேரில் இங்கே வரவேண்டும். இந்த விவரம் தெரியாமல் முப்பது லட்சம், நாற்பது லட்சம் கடன் வாங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறெரிகிறது.

அந்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் வந்து இறங்குவீர்கள். அறை, வங்கிக் கணக்கு, குளிர் என்று அக்டோபர் போய்விடும். வாடகைக்கு விடுபவர் இங்கே சம்பாதிக்கும் ஒருவரை ஜாமீன் கேட்பார், லண்டனில் வாரம் இருநூறு பவுண்டுக்குக் குறைந்து நல்ல அறை அரிது. அந்த அக்டோபர், நவம்பரில்தான் பெரிய நிறுவனங்களின் விண்ணப்பங்கள் திறந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்துத் தொடங்கும் இடங்களுக்கு. டிசம்பர் வந்தால் அவையும் மூடிவிடும். மார்ச், ஏப்ரலோடு வகுப்புகள் முடியும், மேயில் தேர்வு, ஆகஸ்ட் வரை ஆய்வேடு. மூன்று வருட எல்எல்பி மாணவருக்கு விண்ணப்பித்துத் தோற்று மறுபடி விண்ணப்பிக்க இரண்டு மூன்று பருவம் கிடைக்கிறது. உங்களுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி கண் தெரியாத நிலையில். இடம் கிடைத்தாலும் வேலை தொடங்கும் நாளும் 18 மாத விசா முடியும் நாளும் உரசும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கத் தேவையான ஸ்பான்சர் உரிமம் சிறிய நிறுவனங்கள் பலவற்றிடம் இல்லை.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணமும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டணம் தவிர, செலவுக்கு ஒன்பது மாதக் கணக்கில் லண்டனுக்கு 13,761, வெளியூருக்கு 10,539 பவுண்டு, 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். டேர்ம் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மனைவியையோ கணவரையோ அழைத்துவரும் வசதி இந்த வகுப்புப் படிப்புகளுக்கு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது.

அப்படியானால் எல்எல்எம் வீணா? இல்லவே இல்லை. சர்வதேச நடுவர் தீர்ப்புக்குக் குயின் மேரி, கப்பல் சட்டத்துக்குச் சவுத்தாம்ப்டன் என்று குறிப்பிட்ட துறைக்காக வருபவருக்கு, நாலைந்து வருடம் தொழில் செய்து தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து வருபவருக்கு, ஊரில் சட்டக் கல்லூரியில் கற்பிக்க நினைப்பவருக்கு இது பொன்னான வருடம். ஆக்ஸ்ஃபோர்டின் முதுநிலைச் சட்டப் படிப்பான பிசிஎல்லுக்குக் காமன்வெல்த் நாடுகளின் வழக்கறிஞர் வட்டங்களில் இருக்கும் மரியாதை தனி. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, அது உங்கள் திட்டத்துக்கு ஒத்துவர வேண்டும்.

## வீட்டிலிருந்தா, விடுதியிலா

லண்டன் தமிழ்க் குடும்பங்களில் இது பெரிய விவாதம். ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ தினமும் ரயிலில் போய் வந்தால் வருடத்துக்கு எட்டுப் பத்தாயிரம் பவுண்டு மிச்சம், அம்மா சமையல் வேறு. நியாயமான கணக்கு. ஆனால் மூட் பயிற்சி, லா சொசைட்டி கூட்டம், நிறுவனங்கள் வந்து பேசும் மாலைகள் எல்லாம் ஆறு மணிக்குமேல்தான் நடக்கும். வீட்டிலிருந்து போகும் பிள்ளை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பதரை மணிக்கு வரும் என்று வீட்டில் எல்லோரும் இப்போதே சம்மதித்துவிட்டால், வீட்டிலிருந்தே படிக்கலாம். பெண் பிள்ளைக்கு மட்டும் தனி விதி வைத்தால் அவளுடைய வேலை வாய்ப்பைத்தான் அது கெடுக்கும். முதல் வருடம் மட்டும் விடுதி, பிறகு வீடு என்பது நல்ல நடுவழி. பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் செய்யும் வேலையை ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்தினால் அந்த இரண்டு வருட அனுபவத்தில் அதுவும் சேரும், ஆகவே மாலை நேரத்தை எளிதாக விட்டுக்கொடுக்காதீர்கள்.

## யாருக்கு எதைச் சொல்வேன்

உள்ளூர்க் கட்டணம், காரும் கடிதமும் கேள்வி பிடித்துப்போன பிள்ளை: எல்எல்பி, யோசிக்கவே வேண்டாம். உள்ளூர்க் கட்டணம், மனசு தெளிவில்லை: பிடித்த பாடத்தில் பட்டம், இறுதி வருடத்தில் நிறுவனங்களுக்கு விண்ணப்பம், கிடைத்தால் மாற்றுப் படிப்பு. கடனே வேண்டாம் என்று நினைக்கும், இங்கே வேலை செய்யும் உரிமை உள்ள பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது: பதினெட்டு வயதில் சொலிசிட்டர் அப்ரென்டிஸாகச் சேர்ந்து ஆறு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டே எஸ்க்யூஈ வரை போகலாம். விடுதி வாழ்க்கை கிடைக்காது, போட்டியும் கடுமை, ஆனால் நம் ஆட்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பிளஸ் டூ முடித்து வெளிநாட்டுக் கட்டணத்தில் வருபவர், பிரிட்டனில்தான் தொழில் என்றால் எல்எல்பி. நான்கு வருடம் சுற்ற வேண்டாம். இந்தியாவில்தான் தொழில் என்றால் இந்தியாவிலேயே படியுங்கள், எல்எல்எம் பிறகு பார்க்கலாம்.

எல்எல்எம் இடம் கையில் இருக்கிறது, முன்பணம் கட்டத் தேதி நெருங்குகிறது என்பவர்கள், முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கும் அந்த ஒரு வருடத்தில் ஊரிலிருந்தபடியே எஸ்க்யூஈ முதல் கட்டத்துக்குப் படிக்கலாம், ஆகஸ்டில் செவனிங் திறக்கும்போது விண்ணப்பிக்கலாம், அக்டோபரில் நிறுவனங்களுக்கும் அங்கிருந்தே எழுதலாம்.